துவந்த யுத்தத்துக்குப் பிறகு

சரித்திர நாவல் படிக்கிறவர்கள் அநேகமாக எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். கதாநாயகி எந்த ராஜாவின் பெண், கதை நடந்தது எந்த நூற்றாண்டு, மந்திரி நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் ஒரு வருஷத்தில் கலங்கிப் போகும். இரண்டு பேர் வாளை உருவிக்கொண்டு எதிரெதிரே நின்ற அத்தியாயம் மட்டும் மறப்பதில்லை. யார் முதலில் வீசினான், யாருடைய வாள் தெறித்து எங்கே போய் விழுந்தது என்று கூடச் சொல்லுவார்கள். "சரி, மறுநாள் என்ன ஆயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். வாசகருடைய ஞாபகசக்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுநாளை ஆசிரியரே எழுதியிருக்க மாட்டார்.

துவந்த யுத்தம் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டு பேருக்குள் கோபம், சண்டை போட்டார்கள், ஒருவன் விழுந்தான் என்பது ஒரு வகை. அது சாதாரண விஷயம். மற்றொரு வகையில் சண்டையே நியாயஸ்தலமாகிவிடுகிறது. ஒருவன்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. சாட்சி இல்லை. 'குற்றம் சாட்டியவனும் சாட்டப்பட்டவனும் வாளெடுக்கட்டும், உண்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கைக்கு ஆண்டவன் பலம் கொடுப்பான்' என்று விட்டுவிடுவது. மத்திய கால ஐரோப்பாவில் இது சட்டமாகவே இருந்தது. ஸ்திரீகளும் கிழவர்களும் பாதிரிமார்களும் தங்களுக்குப் பதிலாக வேறொரு வீரனை நிறுத்திக்கொள்ளலாம். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான சட்டம் வேறு கிடையாது. ஒரு பெண் குற்றக் கூண்டில் நிற்கிறாள். அவளுக்காக வாளெடுக்க ஒருவன் குதிரையில் வருகிறான். கோர்ட்டு, காதல், சண்டை மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் முடித்துவிடலாம்.

இந்த வசதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டவர் ஸர் வால்டர் ஸ்காட். 1819 டிசம்பரில் வெளிவந்த 'ஐவன்ஹோ'வில் ரெபெக்கா என்ற யூதப் பெண்ணின்மேல் சூனியக்காரி என்று குற்றம் சாட்டுகிறார்கள். தோற்றால் கம்பத்தில் கட்டி எரித்துவிடுவார்கள். அவளை அபகரித்துக்கொண்டு வந்தவனே, அவள்மேல் அடங்காத மோகம் கொண்டவனே, அவளுக்கு எதிராகச் சண்டையிட வேண்டும் என்று ஸ்காட் ஏற்பாடு செய்கிறார். அவள் சார்பில் வருகிறவன் ஐவன்ஹோ. காயம் ஆறாதவன்; அவனுடைய குதிரையோ களைத்துத் தள்ளாடுகிறது. முதல் மோதலிலேயே ஐவன்ஹோ குதிரையோடு கீழே சாய்கிறான். ஆனால் ஈட்டி லேசாகப் பட்டதோ இல்லையோ என்கிற நிலையில் எதிராளியும் தரையில் விழுகிறான். கவசத்தைத் திறந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறான். தனக்குள்ளேயே மோதிக்கொண்ட உணர்ச்சிகள் தாங்காமல் நெஞ்சு வெடித்துப் போனானாம். இது தெய்வத்தின் தீர்ப்பு என்று சபைத் தலைவர் சொல்லிவிடுகிறார்.

இந்த இடத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் ஸ்காட்டின் நாணயம் தெரிகிறது. ஐவன்ஹோவின் கைக்குத் திடீரென்று பலம் கொடுத்து ஜெயிக்க வைத்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் வாள் உண்மையைச் சொல்லும் என்பதில் அவருக்கே நம்பிக்கை இல்லை. அவர் காலத்து இங்கிலாந்தில் அந்தப் பழைய சட்டம் ஒரு வேடிக்கையான வழக்கில் தலையெடுத்திருந்தது. 1817-இல் ஒரு கொலை வழக்கில் விடுதலையான ஆபிரகாம் தார்ன்டன் என்பவன்மேல், இறந்த பெண்ணின் சகோதரன் மறுபடியும் வழக்குத் தொடுத்தான். தார்ன்டன் கோர்ட்டிலேயே கையுறையைக் கழற்றி எறிந்து, "சண்டைக்கு வா" என்றான். நீதிபதிகள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது, அவனுக்கு அந்த உரிமை உண்டு என்று 1818-இல் சொல்லிவிட்டார்கள். மெலிந்த உடம்புக்காரனான அந்தச் சகோதரன் களத்தில் இறங்கவில்லை. வழக்கு அதோடு முடிந்தது. 1819-இல் பார்லிமெண்ட் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. அதே வருஷக் கடைசியில்தான் 'ஐவன்ஹோ' வந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட வழக்கம் நாவலில் குடியேறி, இருநூறு வருஷங்களுக்கு மேலாக அங்கேயே சௌக்கியமாக இருக்கிறது.

ஸ்காட்டுக்கு இன்னொரு காரியமும் தெரிந்திருந்தது. ரெபெக்கா ஜெயித்த பிறகு என்ன செய்தாள்? அவள் இங்கிலாந்தில் இருக்கவில்லை. ஐவன்ஹோவின் மனைவியைப் பார்த்து, நகைப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, தகப்பனோடு கிரனாடா தேசத்துக்குப் புறப்பட்டுப் போய்விடுகிறாள். நிரபராதி என்று தெய்வமே தீர்ப்புச் சொன்ன பெண்ணுக்கு அந்த ஊரில் ஒரு நாள்கூட நிம்மதியாக வாழ முடியாது என்பது அவளுக்குத் தெரியும். நாவலில் அது சில பக்கங்கள்தான். ஆனால் அந்தச் சில பக்கங்கள் மற்றவர்களை உறுத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. தாக்கரே அதைச் சகித்துக்கொள்ள முடியாமல், முப்பது வருஷம் கழித்து, ரெபெக்காவுக்கே ஐவன்ஹோவைக் கல்யாணம் செய்து வைத்துப் பரிகாசமாக ஒரு தொடர்ச்சி எழுதினார்.

இந்தக் காலத்து ஆங்கிலக் கற்பனை நாவல்களில் ஜார்ஜ் மார்ட்டின் இதையே இரண்டு தடவை செய்து பார்க்கிறார். 1996-இல் வந்த முதல் புத்தகத்தில், குள்ளனான டிரியனுக்காகக் கூலிவீரன் ஒருவன் சண்டையிட்டு ஜெயிக்கிறான்; நிரபராதி தப்பினான். 2000-இல் வந்த மூன்றாம் புத்தகத்தில் அதே டிரியன், அவன் செய்யாத வேறொரு கொலைக்காக நிற்கிறான். இந்தத் தடவை அவன் பக்கத்து வீரன் வெற்றி கைக்கெட்டிய நேரத்தில், தன் சகோதரியைக் கொன்றதை எதிராளி வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் தாமதித்து, மண்டை நொறுங்கிச் சாகிறான். தீர்ப்பு தப்பாகிறது. சிறையிலிருந்து தப்பி ஓடுகிற டிரியன், போகிற வழியில் பெற்ற தகப்பனைக் கொன்றுவிட்டுப் போகிறான். ஒரே சட்டம், ஒரே மனிதன், இரண்டு விதமான முடிவு. அதற்குப் பிறகு அவன் வருகிற புத்தகம் முழுவதும் அந்தத் தகப்பன் கொலையைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறான். மார்ட்டினிடம் எனக்குப் பிடிக்காதவை பல உண்டு. ரத்தம் கொஞ்சம் அதிகம். ஆனால் மறுநாளை எழுதத் தெரிந்தவர் என்பதை மறுக்க முடியாது.

நம் தேசத்துக்கு வந்தால் முதலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாட்சி இல்லாத வழக்கைத் தெய்வத்திடம் விடுகிற வழக்கம் இங்கேயும் இருந்தது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி அதற்கு ஐந்து வழிகளைச் சொல்கிறது: தராசு, நெருப்பு, நீர், விஷம், அபிஷேக தீர்த்தத்தைக் குடித்துச் சத்தியம் செய்தல். வாள் அந்தக் கணக்கில் இல்லை. சண்டை சண்டைதான்; அதிலே ஜெயித்தவன் பலசாலி என்று தெரியுமே தவிர யோக்கியன் என்று தெரியாது. பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதினார்கள். தர்மத்தின் பக்கத்தில் நின்ற பீமன் விதியை மீறித் தொடையில் அடித்துத்தான் ஜெயித்தான். அதைப் பாரதம் மறைக்கவில்லை. தெருக்கூத்துப் பார்க்கிற கிராமத்து ஜனங்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஆக, நம் பழைய கதைகளில் சண்டைக்கு வேறு ஸ்தானம். அதைத் தெரிந்துகொள்ளச் சேலம், நாமக்கல் சமவெளியைவிட நல்ல இடம் கிடையாது. நாமக்கல்லிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற அந்த மலை ஒரு காலத்தில் வல்வில் ஓரியுடையது. திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி அவனோடு போரிட்டான். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. சினிமாக்காரர் யாராவது இதைக் கேள்விப்பட்டால் விடமாட்டார்கள். இரண்டு பேருமே கடையெழு வள்ளல்களில் சேர்ந்தவர்கள். இரண்டு பேரையுமே புலவர்கள் வாயாரப் பாடியிருக்கிறார்கள். இவர்களில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பிரித்துக் கதை எழுத முடியாது.

காரி ஓரியைக் கொன்றான். கொன்றுவிட்டுக் கொல்லியைத் தனக்கென்று வைத்துக்கொண்டானா? இல்லை. சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். அதாவது, மண்ணுக்கு ஆசைப்பட்டவன் ஒருவன், வாளெடுத்தவன் வேறொருவன். ஐரோப்பியச் சட்டத்தில் கிழவனுக்காக இளைஞன் களமிறங்கியது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே யாரும் இதற்குத் தெய்வத்தைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். அது போர்ப் பாட்டில் இல்லை. நற்றிணையில் கபிலர் பாடிய ஒரு அகப்பாட்டில் இருக்கிறது. ஊரில் திருவிழா முடிந்துவிட்டது; முழவுச் சத்தமும் அடங்கிவிட்டது; அந்த நேரத்தில் ஒரு பரத்தை தழை உடுத்திக்கொண்டு தெருவில் நடந்து போகிறாள். ஊர் ஆரவாரம் செய்கிறது. அவளைப் பார்த்துப் பொருமுகிற இன்னொருத்தி, அந்த ஆரவாரம் எப்படியிருந்தது என்பதற்கு ஓர் உவமை சொல்கிறாள்: ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெரிய தெருவிலே காரி நுழைந்தபோது எழுந்த சத்தம் போல இருந்ததாம்.

காரியைப் புகழ்ந்து புறநானூற்றில் பாடியவரும் இதே கபிலர்தான். காரியின் சோற்றைச் சாப்பிட்டவர். அவனுடைய வெற்றியை அவர் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் பாருங்கள்! களத்திலே வைக்கவில்லை; வாள் வீச்சிலே வைக்கவில்லை. தோற்றவனுடைய தெருவிலே, அதுவும் ஒருத்தி வயிற்றெரிச்சலில் பேசுகிற பேச்சிலே வைத்திருக்கிறார். அந்தச் சத்தம் அழுகையா, வசையா, பயமா, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் சலசலப்பா என்று அவர் விளக்கவில்லை. தலைவன் செத்த மறுநாள் அவன் தெருவில் கொன்றவனுடைய குதிரைக் குளம்பு கேட்டால் என்னென்ன சத்தம் வருமோ அவ்வளவும் அதில் இருக்கிறது. நம்முடைய சரித்திர நாவலாசிரியர்கள் நாற்பது பக்கத்துக்கு வாள் சுழற்றிப் பெறாத காரியத்தை அவர் இரண்டு அடியில் செய்துவிட்டார். இன்றைக்குச் செம்மேட்டில் ஆடி மாதம் சர்க்கார் செலவில் நடக்கிற விழா, வில்வித்தைப் போட்டியெல்லாம் ஓரிக்குத்தான். தோற்றவனுக்கு விழா.

எழுத்துப் படிக்காதவர்கள் வைத்திருக்கிற கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொங்கு நாட்டு ஊர்களில் உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுகிற அண்ணன்மார் கதையைத்தான் சொல்கிறேன். கனடாவிலிருந்து வந்த பிரெண்டா பெக் என்ற அம்மையார் 1960-களில் கொங்குக் கிராமம் ஒன்றில் தங்கி, பாடகர் பாடப் பாட இதைப் பதிவு செய்து, பிற்பாடு புத்தகமாகவும் கொண்டுவந்தார். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பி. அவர்களுக்கு ஒரு தங்கை. தலையூர்க் காளியோடும் வேட்டுவரோடும் தீராத பகை. சங்கர் மகா பலசாலி. பெரிய காட்டுப்பன்றியைக் கொன்றவன். அவனைச் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. ஆயுள் முடிந்தது என்பதற்கு அடையாளம் கண்டதும் தன் வாளின்மேலேயே விழுந்து சாகிறான். பொன்னரும் சாகிறான். சுத்த வீரனை எதிராளி கொன்றான் என்று சொல்வதற்குப் பாடகருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கலாம். எதிர்த்தரப்பில் நின்று கேட்டால் இதே கதை வேறு கதையாக இருக்கும் என்பதும் வாஸ்தவம்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வருகிற பகுதியை. நாவலாசிரியனாக இருந்தால் வீரர்கள் விழுந்த இடத்தில் 'முற்றும்' போட்டிருப்பான். உடுக்கைக்காரர் போடுவதில்லை. தங்கை வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். காடெல்லாம் அண்ணன்மாரைத் தேடிக்கொண்டு போகிறாள். வழியெல்லாம் அழுகை. கடைசியில் உடல்களைக் கண்டுபிடிக்கிறாள். தெய்வ அருளால் அண்ணன்மாரை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் திரும்ப ஊருக்கு வந்து ராஜ்யம் ஆளவில்லை. தங்கையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு மறுபடியும் போய்விடுகிறார்கள். ஆளுவதற்கில்லை, பழி வாங்குவதற்கில்லை, அவளோடு நாலு வார்த்தை பேசுவதற்கு மட்டும் உயிர் வருகிறது. எந்த நாட்டுக் கதையிலும் இந்த இடத்துக்கு ஈடு சொல்ல எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் மாசி மாதம் நடக்கிற திருவிழாவில் ஜனங்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள். படுகளம் என்று பெயர். பக்தர்கள் செத்தவர்களைப் போல் விழுந்து கிடக்கிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். சண்டையைவிட இந்தப் பகுதிக்குத்தான் கூட்டம் மூச்சு விடாமல் நிற்கிறது.

இப்படிப்பட்ட சொத்து கையில் இருக்கும்போது நாம் எங்கே போய்க் கடன் வாங்கினோம்? ஸ்காட்டிடமும் டூமாவிடமும். கடன் வாங்கினது தப்பில்லை. ஸ்காட்டிடமிருந்து குதிரையையும் ஈட்டியையும் வாங்கிக்கொண்டு ரெபெக்காவின் நகைப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்ததுதான் தப்பு. இதற்குத் தொடர்கதையும் ஒரு காரணம். வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் வாளை உருவுகிற இடத்தில் 'தொடரும்' போடுவான். அடுத்த வாரம் சண்டையை முடித்தாக வேண்டும். அதற்கும் அடுத்த வாரம் வாசகர் புதிதாக ஒரு ஆபத்தை எதிர்பார்ப்பார். செத்தவனுடைய தாயார் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதினால் பத்திரிகாசிரியர், "கதை நின்றுவிட்டதே, ஸார்" என்பார். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சேலத்திலேயே எழுந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வாள் சண்டைக்குப் பேர் போனது. ஏற்காடு ரோட்டில் இன்று வளைவு மட்டும் நிற்கிறது. அவர்கள் 1950-இல் எடுத்த 'மந்திரி குமாரி'யில் ஒரு வழக்கு வருகிறது. ராஜகுருவின் மகன் பார்த்திபன்தான் கொள்ளைக்காரன். தளபதி அவனைப் பிடித்துக் கொண்டுவருகிறான். தீர்ப்பைத் தேவியிடமே விடுகிறார்கள். சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தேவியின் குரலில் பேசுவது, பார்த்திபனைக் காதலிக்கிற மந்திரி குமாரி! குற்றவாளி விடுதலை, நிரபராதியான தளபதி நாடு கடத்தப்படுகிறான். தெய்வத் தீர்ப்பு என்பதை இவ்வளவு துணிச்சலாகக் கேலி செய்த காட்சி அந்தக் காலத்துப் படங்களில் குறைவு. படத்தில் கத்திச் சண்டைகள் நிறைய உண்டு. யாருக்கும் அவை ஞாபகம் இல்லை. பொய்த் தீர்ப்புச் சொல்லிக் காப்பாற்றிய பெண்ணை அந்தக் கணவனே மலையுச்சிக்கு அழைத்துப் போகிறானே, அவனை மூன்று தரம் சுற்றி வந்து அவள் தள்ளிவிடுகிறாளே, அதுதான் ஞாபகம் இருக்கிறது. அது குண்டலகேசியின் பழைய கதை. குண்டலகேசிக் காவியம் சில பாட்டுகள் தவிர அழிந்துபோனாலும் கதை அழியவில்லை.

கல்கியை இங்கே சொல்லாமல் முடியாது. அவரும் இந்தச் சமவெளிக்குக் கொஞ்சம் சம்பந்தப்பட்டவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து 'விமோசனம்' பத்திரிகையைக் கவனித்துக்கொண்டவர். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் அவர் எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் துவந்த யுத்தங்களுக்குக் குறைவில்லை. இலங்கையில் இளவரசர் வந்தியத்தேவனை முதல் சந்திப்பிலேயே வாளெடுக்க வைத்துச் சண்டை போடுவது வெறும் விளையாட்டு. பிறகு கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். அந்த அத்தியாயத்தைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் எல்லாம் எழுதினார்கள்.

ஆனால் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு கல்கியின் பேனா வேறு விதமாக நடக்கிறது. பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. சாட்சி இல்லை. ஸ்காட்டாக இருந்தால் களம் அமைத்திருப்பார். கல்கி களம் அமைக்கவில்லை. ஒருவருக்குப் பின் ஒருவராகப் பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்கிறார்கள். பெரிய பழுவேட்டரையர் தாமே கத்தி எறிந்ததாகச் சொல்லி உயிரை விடுகிறார். அதற்கு முன்பே, கடம்பூர்ச் சம்புவரையர் மகள் மணிமேகலை, தானே கொன்றதாகச் சொல்கிறாள். வந்தியத்தேவனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்யிலேயே அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது. ஐந்து பாகமும் முடிந்து, மகுடத்தை யார் சூடிக்கொள்வது என்ற பிரச்னையும் தீர்ந்த பிறகு, கடைசி அத்தியாயத்தைக் கல்கி யாருக்குக் கொடுத்தார்? ராஜராஜனுக்கு இல்லை. வந்தியத்தேவன் மடியில் அவனைத் தெரிந்தும் தெரியாமலும் உயிர் விடுகிற அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். நாலு வருஷம் வாசகர்களைக் குதிரையில் ஏற்றி ஓட்டியவர், இறங்குகிற இடத்தில் இப்படி இறக்கிவிட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் குதிரையை மட்டும் பார்த்தார்கள்.

அந்தக் கொலைக்கு நிஜமாகவே ஒரு மறுநாள் உண்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் கல்வெட்டாக இருக்கிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய நிலபுலன்களைப் பறிமுதல் செய்வதைச் சொல்கிறது. வாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர்களோடு நிற்கவும் இல்லை. அவர்களுடைய தம்பி, பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார்கள், தாய்மாமன்மார், கூடப்பிறந்த பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறது. எல்லாருடைய சொத்தும் போயிற்று. கொலை நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அன்று என்ன நடந்தது என்பதே தெரியாமல் அந்தக் குடும்பங்களுக்குள் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களும் இருந்திருப்பார்கள். ஓலையோடு ஆள் வந்தபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.